காதால் கேட்டுக் கையெழுத்துப் போட்டவன்

அன்புள்ள அக்காவுக்கு,

பாசமும் பயமும் சரிபாதியாகக் கலந்து உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் தம்பி பெண்டாட்டியும், எங்கள் மகள் நண்டும் சுகம். அங்கே நீயும், மாமாவும், மாமாவின் வலது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். முழங்காலை மறக்காமல் தனியாக விசாரித்திருக்கிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிடு. போன தடவை விட்டுப்போனதற்கு ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அக்கா, எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் முழுதாகப் பேசி முடித்த வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. போனில் நீ பேசுவாய், மூச்சு வாங்க நிறுத்துவாய், அந்த இடைவெளியில் "சரிக்கா" என்ற ஒற்றைச் சொல்தான் நுழையும். அப்படி நுழைந்த ஒரு "சரிக்கா"தான் இப்போது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ கூப்பிட்டு, நண்டு மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியவில்லையாமே, உண்மையா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், அப்படியானால் இந்தப் பருவம் முடிந்ததும் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், நான் தலைமையாசிரியையாக இருக்கிற பள்ளிக்கூடத்திலேயே சேர்த்து, என் வீட்டிலேயே வைத்து, ஒரே வருஷத்தில் சரி பண்ணி அனுப்புகிறேன், நீ லிஃப்டைப் பார், பிள்ளையை நான் பார்க்கிறேன் என்றாய். நான் "சரிக்கா" என்றேன். நேற்று வந்த உன் செய்தியில், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகவும், நண்டின் துணிமணிக்கு ஒரு காலிப் பெட்டி கொண்டு வருவதாகவும் போட்டிருக்கிறாய். பெட்டியை இறக்கின இடத்திலேயே திரும்ப ஏற்றிவிடு அக்கா. பிள்ளையை நான் அனுப்பப்போவதில்லை. இன்று திங்கள்கிழமை. நாளைக்குக் கூரியரில் போட்டால் புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். கோபப்பட உனக்கு வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று முழு நாட்கள் இருக்கின்றன.

நண்டுக்குப் படிக்க வராதது எப்படி எனக்கே தெரியாமல் போனது என்று நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இடம் கிடைக்கவில்லை. இப்போது சொல்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கிற என் தொழிலில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மெஷின் ரூமுக்கு ஏறாமலே, கீழே நின்று கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டே இன்ன பழுது என்று சொல்லிவிடுவேன். பிரேக் தேய்ந்தால் ஒரு சத்தம், கயிறு தளர்ந்தால் ஒரு சத்தம். பதினேழு வருஷமாக என் காது பொய் சொன்னதில்லை, அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாசிப்பு அட்டை கொடுத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் பிள்ளை பத்து நிமிஷம் சத்தமாகப் படிக்க வேண்டும், வீட்டில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். என் பெண்டாட்டி இவளுக்கு மருந்துக் கடையில் சாயங்கால வேலை, ஆகவே அந்தப் பெரியவர் நான். நான் வேலை முடிந்து வந்து, குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கையிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவுவேன். பின்னால் நின்று நண்டு படிப்பாள். என்ன படிப்பு அக்கா அது. ஒரு தடங்கல் கிடையாது, ஒரு திக்கல் கிடையாது, கேள்விக்குறி வந்தால் குரல் மேலே போகும், முற்றுப்புள்ளி வந்தால் கீழே இறங்கும், புது மோட்டார் மாதிரி ஓடும். நானும் ஈரக்கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். இப்படி நாற்பத்து மூன்று கையெழுத்து.

டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். அவர், நண்டு அதுவரை பார்த்திராத ஒரு கதைப் புத்தகத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். நண்டு பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப மரியாதையாக, "நீங்க ஒரு தடவை படிங்க டீச்சர், அப்புறம் நான் படிக்கிறேன்" என்றாள். விஷயம் என்னவென்றால், வகுப்பில் டீச்சர் படிக்கப் படிக்க எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள், இவளுக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே மண்டையில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் குழாயடியில் அதைத்தான் ஒப்பித்திருக்கிறாள். என் காது அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, அதில் நான் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, கையில் என்ன புத்தகம் வைத்துக்கொண்டு படித்தாய் என்று வீட்டுக்கு வந்து விசாரித்தால், பாதி நாள் பாடப்புத்தகமே இல்லையாம், மிக்சி வாங்கும்போது கூட வந்த குறிப்புப் புத்தகமாம். அதுதான் கைக்கு அடக்கமாக இருந்ததாம்.

டீச்சர் வாசிப்பு அட்டையை என் முன்னால் வைத்து நாற்பத்து மூன்று கையெழுத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் சூப்பர்வைசர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: உன் கையால் தொட்டுப் பார்க்காத எதற்கும் சர்வீஸ் கார்டில் கையெழுத்துப் போடாதே, உன் கையெழுத்தை நம்பித்தான் ஜனங்கள் உள்ளே ஏறி நிற்கிறார்கள். ஊரில் உள்ள அத்தனை லிஃப்டுக்கும் அதைக் கடைப்பிடித்தவன், பெற்ற பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள். நான் கண்ணால்கூடக் காணவில்லை. அன்றைக்கு வெட்கத்தில் இருந்தபோதுதான் உன் போன் வந்தது, "சரிக்கா"வும் அந்த வெட்கத்தில் வந்ததுதான். அதை எண்ணிக்கையில் சேர்க்காதே.

மறுநாளே டீச்சரிடம் போய் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். புதன்கிழமைதோறும் சில பெற்றோர் வகுப்பில் வந்து உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கேட்பார்களாம், எனக்கும் புதன்தான் வார விடுமுறை, வருகிறேன் என்றேன். டீச்சர் மூன்று விதி சொன்னார். பிள்ளையின் முகத்தைப் பார்க்காதே, விரல் எந்த எழுத்தின் கீழே இருக்கிறது என்று பார். தப்பாகப் படித்தால் உடனே பாயாதே. திணறினால் மனசுக்குள் பத்து எண்ணு, அதற்கப்புறம்தான் உதவி. கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். முதல் புதன் அன்று அந்தப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தது சரி, எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. முப்பது பிள்ளைகளுக்கும் அதற்கப்புறம் எழுத்தும் இல்லை, புத்தகமும் இல்லை. என்னிடம் எப்போதும் ஸ்பேனர் இருக்கும் என்பதால் நானே கழற்றிக்கொண்டேன், நாற்காலியையும் முன்னைவிட உறுதியாக மாட்டிக் கொடுத்துவிட்டேன், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நண்டோடு சேர்த்து எனக்குக் கொடுத்த இன்னொரு பெண்ணுக்கு வகுப்பில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். முதல் எழுத்தைப் பார்த்ததும் மீதியைத் தானாகவே முடிவு செய்துகொண்டு பறந்துவிடுவாள். புத்தகத்தில் குரங்கு மரத்தில் ஏறுகிறது என்றால் இவள் வாயில் குதிரை மருந்து வாங்கப் போகும். உண்மையைச் சொன்னால் புத்தகத்தைவிட அவள் கதை நன்றாக இருக்கிறது, குதிரைக்கு என்ன உடம்பு என்று நானும் ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன், டீச்சர் வந்து தோளைத் தட்டின பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. நண்டின் முறை வந்தபோது அவள் முதல் சொல்லிலேயே நின்றாள். நான் பத்து எண்ண ஆரம்பித்தேன். மனசுக்குள் எண்ணுவதாகத்தான் நினைத்தேன் அக்கா. ஐந்து வரும்போது எக்ஸ்பிரஸும் சேர்ந்து எண்ணினாள், ஏழில் வகுப்பே சேர்ந்துகொண்டது, பத்தில் கைதட்டினார்கள். நண்டு புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் என்னோடு வீட்டுக்கு நடந்து வரும்போது இரண்டடி தள்ளியே வந்தாள். ஆனால் அடுத்த புதனும் போனேன். இப்போது முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி எண்ணுகிறேன்.

வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. சாமான்களின் மேல் எல்லாம் பெயர் எழுதி ஒட்டினால் பிள்ளை பார்த்துப் பார்த்துப் படிக்கும் என்று டீச்சர் சொன்னார். கதவு, ஜன்னல், அலமாரி, உப்பு, சர்க்கரை, டார்ச், அப்பா என்று இருபத்தாறு சீட்டு ஒட்டினேன். நாலு நாளில் நண்டு எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னாள். மற்றவன் என்றால் ஏமாந்திருப்பான். நான் ஏற்கெனவே சூடு கண்டவன் அல்லவா. இடத்தை வைத்துச் சொல்கிறாளா, எழுத்தைப் பார்த்துச் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க, அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் சீட்டுகளை மாற்றி மாற்றி ஒட்டிவைத்தேன். வந்து பார்த்து ஒரு நொடி நின்றாள். அலமாரியைக் காட்டி "ஜன்னல்னு எழுதியிருக்குப்பா, யாரு இப்படிப் பண்ணினது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் சீட்டுகளைத் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்து எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், மாடித் தண்ணீர்த் தொட்டி விஷயமாக வந்து உட்கார்ந்தார். இவள் மருந்துக் கடையிலிருந்து களைத்து வந்தவள், டப்பாவின் மேல் எழுதியிருந்ததை நம்பி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் நாகரிகமான மனிதர், முழுவதும் குடித்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், அவர் எங்களை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தொட்டி இன்னும் சுத்தமாகவில்லை.

அடுத்தது கொஞ்சம் பெரிய விஷயம். நீ வேறு வழியாகக் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். படிக்க ஆரம்பித்தாளே தவிர, எழுதச் சொன்னால் நண்டு பேனாவைத் தொடமாட்டாள். எதுக்கு எழுதணும், வாயாலேயே சொல்லிடறேனே என்பாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, எனக்கு வேலை, ஆகவே அவளையும் கூட்டிக்கொண்டு எட்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு சர்வீஸுக்குப் போனேன். காவலாளியின் மேசையில் உட்கார வைத்து, என் பையில் இருக்கும் அறிவிப்பைப் பார்த்து எழுதிக்கொண்டிரு என்றேன். "லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியில் ஏறவும்" என்று பெரிய பெரிய எழுத்தில், முக்கி முனகி, அரை மணி நேரம் எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் எல்லாம் இருந்தது. நான் வேலையை முடித்து, எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்து, கார்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. கிளம்புகிற நேரத்தில், பிள்ளை எழுதினதை ஒரு நிமிஷம் மாட்டிவைத்தால் சந்தோஷப்படுவாளே என்று லிஃப்ட் கதவில் ஒட்டினேன். அந்த நிமிஷம் பார்த்து எதிர்க் கட்டடத்திலிருந்து ஆள் ஓடிவந்தது, அங்கே லிஃப்டுக்குள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று. நண்டைக் காவலாளியிடம் விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வர இரண்டு மணி நேரம்.

இரண்டு மணி நேரமும் ஒரு குறையும் இல்லாத லிஃப்ட் சும்மா நிற்க, அந்தக் கட்டடத்து ஜனம் முழுவதும் படியில் ஏறியிருக்கிறது. தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு ஏழாவது மாடிக்குப் போயிருக்கிறார். பல் டாக்டர் போயிருக்கிறார், அவரைப் பார்க்க வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். புகார் போய், கடைசியில் எங்கள் சூப்பர்வைசரே வந்திருக்கிறார். முப்பது வருஷம் லிஃப்டில் ஊறினவர், எனக்கு அந்த முதல் நாள் விதியைச் சொன்னவர், அறிவிப்பைப் படித்துவிட்டுப் பட்டனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எட்டு மாடி ஏறி மெஷின் ரூமுக்குப் போயிருக்கிறார். நான் வந்தபோது அவர் இறங்கி வந்து படியில் உட்கார்ந்திருந்தார், பேச மூச்சு இல்லை. நான் நண்டைப் பார்த்து, லிஃப்ட் ஓடுதுன்னு நீயாவது சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவள் மூஞ்சியில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"யாரும் என்னைக் கேக்கலைப்பா. நான் எழுதினதைப் படிச்சாங்க, ஏறிப் போயிட்டாங்க. ஒருத்தர்கிட்டகூட நான் பேசவே இல்ல" என்றாள்.

எனக்கு ஆபீசில் மெமோ கொடுத்தார்கள். கொடுக்கட்டும். அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் பேப்பர் நிற்பதில்லை அக்கா. குளியலறைக் கதவில் அறிவிப்பு, சாப்பாட்டு மேசையில் அறிவிப்பு, என் தலையணையில் "குறட்டை விடக்கூடாது" என்று ஒரு அறிவிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் இவளிடமோ என்னிடமோ வந்து கேட்கிறாள், கேட்டு எழுதுகிறாள், எழுதினதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறாள், அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறாள். போன புதன்கிழமை, பார்த்திராத புத்தகத்தில் ஏழு வரி படித்தாள். பதினோரு நிமிஷம் ஆயிற்று. நாலு இடத்தில் நின்றாள், நாலு தடவையும் என் முதுகுக்குப் பின்னால் விரல் மடங்கி மடங்கி மரத்துப்போயிற்று, ஆனால் நாலு தடவையும் பத்து வருவதற்குள் அவளே தாண்டிவிட்டாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். நகர்ந்துவிட்டது அக்கா, நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன்.

நீ கூட்டிக்கொண்டு போனால் ஒரே வருஷத்தில் அவள் என்னைவிட நன்றாகப் படிப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. உன்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கேயோ இருக்கிறார்கள், நானும் உன்னிடம் குட்டு வாங்கித்தான் படித்தேன், தலை இன்னும் அந்த இடத்தில் தொட்டால் வலிக்கிறது. ஆனால் இப்போது அவளைப் பெட்டியோடு உன்னிடம் கொடுத்தால், அது நாற்பத்து நாலாவது கையெழுத்து. மறுபடியும் முதுகைக் காட்டிக்கொண்டு போடுகிற கையெழுத்து. அதை நான் போடமாட்டேன். அவள் மெதுவாகத்தான் வருவாள், வரட்டும், எனக்குப் புதன்கிழமைகள் நிறைய இருக்கின்றன.

ஒரு விஷயத்தை மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு நண்டுக்குத் தெரியாது. அத்தை வீட்டுக்கு அனுப்ப நான் ஒப்புக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரிந்தால், படிக்க வராததற்குத் தண்டனையாக அப்பா நம்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்துவிடுவாள். அந்தப் பயம் எனக்கு நிறைய இருக்கிறது. நீயும் போனில் மூச்சு விடாதே. வீட்டில் நானும் இவளும் சாடையில்தான் பேசிக்கொள்கிறோம். இந்தக் கடிதத்தைக்கூட நண்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போதே தைரியமாக எழுதுகிறேன். அச்செழுத்தில் பெரிதாக இருந்தால்தான் அவளுக்கு ஓடும், கையெழுத்தெல்லாம் படிக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். என் கையெழுத்தையோ மருந்துக் கடையில் வேலை செய்கிற இவளாலேயே படிக்க முடியாது. ஆகையால் கவலை இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம், அவர் முழங்காலுக்கு என் தனி வணக்கம். பெரியவள் நீ, என்னைத் திட்டு, பிள்ளையை ஆசீர்வாதம் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், இன்னொரு நாள் பெட்டி இல்லாமல் வா.

இப்படிக்கு,
எழுத்தில் மட்டும் உன்னை எதிர்த்துப் பேசும்
உன் தம்பி

பின்குறிப்பு: இன்று செவ்வாய். காலையில் கூரியரில் போட முடியவில்லை, ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது என்று அவசரமாக ஓடினேன், கடிதம் மேசை மேலேயே கிடந்தது. இருட்டின பிறகு வந்து பார்த்தால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு வரியின் கீழேயும் பென்சில் கரி படிந்த விரல் தேய்த்த தடம். நண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "பெட்டின்னு படிச்சேன். ஞாயிற்றுக்கிழமைன்னும் படிச்சேன். அது யாருக்குப் பெட்டி?" என்றாள். எனக்குப் பத்து எண்ணக்கூடத் தெரியவில்லை. அவள் காத்திருந்தாள் அக்கா, நான் வாய் திறக்கிறவரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், என் "சரிக்கா" உட்பட. ஆகவே மேலே நான் எழுதினதில், அவளுக்குத் தெரியாது என்பதும் பொய், அவளால் படிக்க முடியாது என்பதும் பொய், டீச்சர் சொன்ன கணக்கும் பொய். வர வேண்டாம் என்றதையும் அடித்துவிடு, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, அவள் உன்னிடம் பேச வேண்டுமாம். இதை வேறு தாளில் நல்லபடியாகத் திருப்பி எழுதலாம் என்று பார்த்தேன், அவள் படித்த தாள்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கீழே இருப்பது அவள் எழுதினது. நான் ஒரு சொல்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். அதற்குத்தான் ஓரத்தில் என் கையெழுத்து.

அத்தை அப்பா எழுத்து ரொம்ப மோசம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததில் இருந்து இருட்டுற வரைக்கும் படிச்சேன். முழுசும் படிச்சேன். நான் உங்க வீட்டுக்கு வரலை. நீங்க எனக்கு லெட்டர் போடுங்க. பெரிசா போடுங்க. நான் இங்கே இருந்து படிக்கிறேன்.